வறட்சியில் நெல்லை எந்த மரபணு ஆள்கிறது? சோதித்தறியும் முறை

நெற்பயிரில் வறட்சியைப் பற்றி ஆராயத் தொடங்கும் முதுகலை மாணவருக்கு இன்று மரபணுப் பட்டியல்கள் எளிதில் கிடைக்கின்றன. நீரின்றி வாடிய இலையிலிருந்து ஆர்.என்.ஏ.வை எடுத்து வரிசைப்படுத்தினால், ஆயிரக்கணக்கான மரபணுக்களின் வெளிப்பாடு கூடியிருப்பதையோ குறைந்திருப்பதையோ ஒரே சோதனையில் காணலாம். ஆனால் வறட்சியில் வெளிப்பாடு கூடும் மரபணு என்பதும், வறட்சிக்கான எதிர்வினையை ஆளும் மரபணு என்பதும், வறண்ட வயலில் விளைச்சலைக் காக்கும் மரபணு என்பதும் மூன்று தனித்தனிக் கூற்றுகள். ஒவ்வொன்றுக்கும் தேவைப்படும் சான்றும் வேறு. இவ்வழிகாட்டி அம்மூன்றையும் ஒன்றோடொன்று குழப்பாமல் ஒரு மரபணுவைச் சோதிக்கும் முறையை, தொட்டியில் நீரை அளப்பதிலிருந்து வயலில் விளைச்சலை எடுப்பது வரை விளக்குகிறது. நெல்லுக்காக எழுதப்பட்டாலும், இதன் பெரும்பகுதி சோளம், கம்பு, கோதுமை ஆகியவற்றுக்கும் பொருந்தும்.

தேடும் மரபணு பாதையின் எந்த இடத்தில் உள்ளது என்பதை முதலில் குறித்துக்கொள்க

மண் உலரும்போது பயிரில் அப்சிசிக் அமிலத்தின் அளவு உயர்கிறது. கரோட்டினாய்டு நிறமிகளிலிருந்து இந்த ஹார்மோன் உருவாகும் வழியில், என்.சி.ஈ.டி. எனப்படும் நொதி செயல்படும் படியே வேகத்தை நிர்ணயிக்கிறது. உருவான ஹார்மோன் பி.ஒய்.எல். வகை ஏற்பிகளோடு இணையும்போது, வழக்கமாகத் தடையாக நிற்கும் பி.பி.2.சி. பாஸ்படேஸ் நொதிகள் செயலிழக்கின்றன, அதனால் விடுபடும் எஸ்.என்.ஆர்.கே.2 கைனேஸ் நொதிகள் ஒருபுறம் இலைத்துளைகளைச் சூழ்ந்த காப்பு செல்களின் அயனி வாயில்களைத் திறந்து இலைத்துளைகளை மூடச்செய்கின்றன, மறுபுறம் உட்கருவுக்குள் பிசிப் 23 போன்ற படியெடுப்புக் காரணிகளைத் தூண்டுகின்றன. அக்காரணிகள் பல மரபணுக்களின் புரோமோட்டரில் (மரபணுவின் இயக்கத்தை ஆளும் முன்பகுதியில்) உள்ள ஏ.பி.ஆர்.ஈ. என்னும் குறுந்தொடரைப் பற்றிக்கொண்டு அவற்றை இயக்குகின்றன. அப்சிசிக் அமிலத்தைச் சாராத இன்னொரு வழியில் டி.ஆர்.ஈ.பி.2 குடும்பத்துக் காரணிகள் டி.ஆர்.ஈ. என்னும் வேறொரு தொடரைப் பற்றுகின்றன. இரு வழிகளின் முடிவிலும் எல்.ஈ.ஏ. எனப்படும் காப்புப் புரதங்கள், புரோலின் என்னும் அமினோ அமிலம், சர்க்கரைகள், நச்சு ஆக்சிஜன் மூலக்கூறுகளை அகற்றும் நொதிகள் முதலியவை பெருகுகின்றன.

தேர்ந்தெடுத்த மரபணு இப்பாதையின் தொடக்கத்தில் உள்ள ஏற்பியா, இடையில் உள்ள காரணியா, கடைசியில் உருவாகும் காப்புப் புரதமா என்பதை ஒரு வரியில் எழுதி வைத்துக்கொள்வது நல்லது. கடைசியில் உள்ளவற்றின் வெளிப்பாடு பன்மடங்கு உயரும், ஆயினும் அவை எதையும் ஆள்வதில்லை. தொடக்கத்தில் உள்ளவையோ ஆர்.என்.ஏ. அளவில் பெரிதாக மாறாமலேயே, புரதத்தில் பாஸ்பேட் ஏறுவதன் மூலம் செயல்படக்கூடும். மடங்குக் கணக்கைப் பார்த்து மரபணுவைத் தேர்ந்தெடுக்கும் வழக்கம் எனக்கு உடன்பாடானது அன்று. அதற்கான காரணம் பின்னால் டி.ஆர்.ஓ.1 மரபணுவைப் பற்றிப் பேசும்போது விளங்கும்.

ஒப்பிடுவதற்கான இரகங்கள்

வறட்சியைத் தாங்கும் இரகம் ஒன்றும் தாங்காத இரகம் ஒன்றுமாக, குறைந்தது இரண்டைத் தெரிவு செய்க. ஐ.ஆர். 64, ஐ.ஆர். 20 ஆகியவை தாங்காதவையாக உலகெங்கும் பயன்படுகின்றன. வட இந்தியாவின் என் 22 தாங்குவதாகப் பயன்படுகிறது. தமிழ்நாட்டின் மானாவாரிப் பகுதிகளைச் சேர்ந்த நூற்றிப்பத்து, நொறுங்கன் போன்ற நாட்டு இரகங்களைக் கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார் வறட்சிக்கான மரபிட ஆய்வுகளில் (ஒரு பண்பை ஆளும் குரோமோசோம் இடங்களைத் தேடும் ஆய்வுகளில்) பெற்றோராகக் கொண்டிருக்கின்றனர். பரமக்குடி ஆராய்ச்சி நிலையத்திலிருந்து 2009-இல் வெளியான அண்ணா (ஆர்) 4 இரகத்தையும் ஒப்பீட்டுக்குச் சேர்க்கலாம்.

இரு இரகங்களும் பூக்கும் நாள் ஏறத்தாழ ஒன்றாக இருக்க வேண்டும். முன்னதாகவே பூத்து முடித்த இரகம் வறட்சியைத் தாங்கியதாகாது, அதிலிருந்து தப்பியதாகும். நாட்கள் வேறுபட்டால் விதைப்பைத் தள்ளி வைத்துப் பூப்பை ஒரே வாரத்திற்குள் கொண்டுவருக.

நீரை அளந்து குறைத்தல்

இப்பகுதியில் ஏற்படும் பிழையைப் பின்னால் எந்தப் புள்ளியியலாலும் சரிசெய்ய முடியாது என்பதால் இதனைச் சற்று விரிவாகவே கூற வேண்டியுள்ளது. "ஏழு நாள் நீர் நிறுத்தப்பட்டது" என்ற வாக்கியம் ஆய்வேடுகளில் அடிக்கடி காணப்படுகிறது. ஏழு நாளில் மண் எவ்வளவு உலரும் என்பது தொட்டியின் அளவு, மண்ணின் வகை, வெயில், காற்று, எல்லாவற்றுக்கும் மேலாகச் செடியின் பருமன் ஆகியவற்றைப் பொறுத்தது. இலைப்பரப்பு மிகுந்த செடி தன் தொட்டியை விரைவில் காலிசெய்துவிடும். சிறிய செடியோ அதே ஏழாம் நாளில் ஈரமண்ணில் நிற்கும். அவ்விரண்டின் மரபணு வெளிப்பாட்டையும் ஒப்பிட்டால் காண்பது செடியின் அளவு வேறுபாட்டையே தவிர, எதிர்வினையின் வேறுபாட்டை அன்று.

எனவே நாளைக் கணக்கிடாமல் எடையைக் கணக்கிட வேண்டும். எல்லாத் தொட்டிகளிலும் ஒரே எடையுள்ள உலர்ந்த, சலித்த மண்ணை நிரப்புக. நீரை முழுதாக ஊற்றி, அடித்துளை வழியே வடியவிட்டு, மறுநாள் காலை எடை பார்க்க. அதுவே தொடக்க எடை. மண்ணின் மேற்பரப்பைப் பாலித்தீன் தாளால் மூடிவிட்டால், அதன் பின் குறையும் எடை பெரும்பாலும் செடியின் நீராவிப்போக்கால் குறைந்ததாகவே இருக்கும். செடியில்லாத இரண்டு மூன்று தொட்டிகளையும் அவ்வாறே வைத்து, மண்ணிலிருந்து நேரே ஆவியாகும் சிற்றளவைக் கழித்துக்கொள்க. நீர் நிறுத்திய தொட்டியின் நீராவிப்போக்கு, நன்கு நீர்பெறும் தொட்டியின் நீராவிப்போக்கில் பத்தில் ஒரு பங்காகக் குறையும் நாளின் எடையை இறுதி எடையாகக் கொள்வர். இவ்விரு எடைகளின் வேறுபாடே செடியால் எடுக்கக்கூடிய நீர்.

எடுத்துக்காட்டாக, ஒரு தொட்டியின் தொடக்க எடை 10.4 கிலோ, இறுதி எடை 8.8 கிலோ எனில் எடுக்கக்கூடிய நீர் 1.6 கிலோ. அத்தொட்டி 9.6 கிலோவில் நிற்கும்போது அந்நீரில் பாதி, அதாவது 0.5 பங்கு, மீதமிருக்கிறது. மாதிரியை எடுக்கும் புள்ளியை இப்பங்கைக் கொண்டே வரையறுக்க வேண்டும்: 0.5 பங்கில் ஒன்று, 0.2 பங்கில் ஒன்று, மீண்டும் நீர் ஊற்றிய மறுநாள் ஒன்று. ஒவ்வொரு தொட்டியும் அப்புள்ளியை அடையும் நாள் வேறுபடுவதில் தவறில்லை. ஆனால் ஒன்று மூன்றே நாளில் உலர்ந்து மற்றொன்று பத்து நாள் எடுத்துக்கொண்டால், மெதுவாக உலர்ந்த செடி பழகிக்கொள்ளும் வாய்ப்பைப் பெற்றிருக்கும். இதைத் தடுக்க, ஒரு நாளில் இழக்கக்கூடிய நீருக்கு ஒரு வரம்பை வைத்து, அதற்கு மேல் இழந்த நீரை அன்று மாலையே ஊற்றிவிடுக.

நாற்றைப் பிடுங்கித் தாளின்மேல் கிடத்தி உலரவிடுவதும், பாலிஎத்திலீன் கிளைக்கால் 6000 கரைசலில் வேரை அமிழ்த்துவதும் விரைவான முறைகள். ஏறத்தாழ 20 விழுக்காட்டுக் கரைசல் சுமார் -0.5 மெகாபாஸ்கல் நீரழுத்தத்தைத் தரும். இவை முதற்கட்டத் தெரிவுக்கு உதவும், குறிப்பாகப் பல இரகங்களை ஒரே நாளில் பார்க்க வேண்டியிருந்தால். ஆயினும் மண்ணில் பல நாட்களாகப் படிப்படியாக வரும் வறட்சியும், ஒரு மணி நேரத்தில் வரும் அதிர்ச்சியும் வெவ்வேறு மரபணுக்களை எழுப்புகின்றன. முடிவுரையில் "வறட்சி" என்று எழுதுவதற்கு இம்முறை மட்டும் போதாது.

செடியின் நிலையையும் தனியே அளந்து எழுதுக. இலையின் சார்பு நீரளவைக் காண, பறித்தவுடன் பச்சை எடையையும், காய்ச்சி வடித்த நீரில் நான்கு மணி நேரம் மிதக்கவிட்டபின் நிறைவு எடையையும், 70 டிகிரி செல்சியஸில் 48 மணி நேரம் உலர்த்தியபின் உலர் எடையையும் எடுக்க. பச்சை எடையிலிருந்து உலர் எடையைக் கழித்து வருவதை, நிறைவு எடையிலிருந்து உலர் எடையைக் கழித்து வருவதால் வகுத்து, நூறால் பெருக்கினால் விடை கிடைக்கும். இலை சுருளும் அளவுக்கு, பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனம் வகுத்த 0 முதல் 9 வரையிலான மதிப்பெண் முறையே போதும்.

மாதிரி எடுத்தலும் வெளிப்பாட்டை அளத்தலும்

பல மரபணுக்களின் வெளிப்பாடு பகல் இரவுச் சுழற்சியோடு ஏறி இறங்குகிறது. நீர்பெறும் செடியில் காலையிலும் வாடிய செடியில் பிற்பகலிலும் மாதிரி எடுத்தால், நேர வேறுபாடு வறட்சியின் விளைவாகத் தோற்றமளிக்கும். ஆகவே இரண்டையும் ஒரே நேரத்தில் எடுக்க. ஒரே வரிசை இலையை, முடிந்தால் வேரையும் கதிரையும் தனித்தனியே, வெட்டியவுடன் திரவ நைட்ரஜனில் இட்டு -80 டிகிரி செல்சியஸில் சேமிக்க. வெட்டிய இலையைக் கையில் வைத்துக்கொண்டு பெயர்ச்சீட்டைத் தேடும் அந்த ஒன்றிரண்டு நிமிடங்களில் இலை தானாகவே உலரத் தொடங்கிவிடும் என்பதால், குழாய்களில் முன்னதாகவே பெயரெழுதி அடுக்கி வைக்க வேண்டும்.

குறைந்தது மூன்று தனித்தனித் தொட்டிகளிலிருந்து மாதிரிகள் வர வேண்டும். ஒரே மாதிரியை மூன்று குழிகளில் ஓட்டுவது கருவியின் துல்லியத்தைக் காட்டுமேயன்றி, உயிரியல் வேறுபாட்டைக் காட்டாது. பிரித்தெடுத்த ஆர்.என்.ஏ.வின் தூய்மையைக் காட்டும் 260, 280 நானோமீட்டர் ஒளியுறிஞ்சல் விகிதம் 2.0-ஐ ஒட்டி இருக்க வேண்டும். டி.என்.ஏ.வை டி.என்.ஏஸ் நொதியால் நீக்கியபின், தலைகீழ்ப் படியெடுப்பு (ஆர்.என்.ஏ.வை டி.என்.ஏ.வாக மாற்றுதல்) செய்யாத ஒரு கட்டுப்பாட்டு மாதிரியையும் சேர்த்தே, டி.என்.ஏ.வைப் பெருக்கி அளக்கும் பி.சி.ஆர். ஓட்டுக.

அளவுகோலாகக் கொள்ளும் ஒப்பீட்டு மரபணு வறட்சியில் மாறாதது என்பதைச் சொந்த மாதிரிகளிலேயே உறுதிசெய்ய வேண்டும். நெல்லில் யூ.பி.கியூ.5, நீட்சிக் காரணி 1 ஆல்பா ஆகிய இரண்டும் பெரும்பாலான நிலைகளில் நிலையாக நிற்பதாகக் கண்டறியப்பட்டுள்ளது. பழக்கத்தால் ஆக்டினை மட்டும் நம்புவது ஆபத்தானது. ஒப்பீட்டு மரபணு சிறிது நகர்ந்தாலும் என்ன ஆகும் என்பதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். நீர்பெற்ற செடியில் ஆய்வு மரபணுவின் சி.டி. மதிப்பு (அளவிடத்தக்க நிலையை எட்டத் தேவைப்பட்ட பி.சி.ஆர். சுழற்சிகளின் எண்ணிக்கை) 28, ஒப்பீட்டு மரபணுவினது 20. வாடிய செடியில் முறையே 24, 20 எனில், வேறுபாடு 8-இலிருந்து 4-ஆகக் குறைகிறது. ஒவ்வொரு சுழற்சியிலும் அளவு இரட்டிப்பாவதால், நான்கு சுழற்சிகள் என்பது 16 மடங்கு உயர்வு. வாடிய செடியில் ஒப்பீட்டு மரபணு 21-க்கு நகர்ந்திருந்தால் அதே தரவு 32 மடங்கு என்று காட்டும். ஒரே ஒரு சுழற்சி நகர்வு முடிவை இரட்டிப்பாக்கிவிடுகிறது. பெருக்கத்தைத் தொடங்கிவைக்கும் சிறு டி.என்.ஏ. துண்டுகளான பிரைமர்களின் திறன் 90 முதல் 110 விழுக்காட்டுக்குள் இல்லாவிட்டால் இந்த எளிய கணக்கும் செல்லாது.

வறட்சி உண்மையில் செல்களை எட்டியது என்பதற்குச் சாட்சியாக, ரேப் 16ஏ போன்ற, அப்சிசிக் அமிலத்தால் தூண்டப்படுவது உறுதியான ஒரு மரபணுவையும் உடன் அளக்க. அது உயரவில்லை எனில் ஆய்வு மரபணுவைப் பற்றி எதுவும் சொல்வதற்கில்லை. தொட்டிக்குத் திரும்ப வேண்டும்.

பிரைமரை எங்கே அமைப்பது என்பதிலும் கவனம் தேவை. நெல்லின் டி.ஆர்.ஈ.பி.2பி மரபணுவிலிருந்து இருவகை ஆர்.என்.ஏ.க்கள் உருவாகின்றன. சாதாரண நிலையில் முழுப் புரதத்தைத் தராத வடிவமே மிகுதி. வறட்சியிலும் வெப்பத்திலும் இடைப்பகுதி ஒன்று வெட்டப்பட்டுச் செயல்படும் வடிவம் பெருகுகிறது. இரண்டிற்கும் பொதுவான இடத்தில் பிரைமரை அமைத்தால் இந்த மாற்றம் மறைந்துபோகும்.

புரோமோட்டரைப் படிக்கும்போது

நெல்லின் மரபுத்தொகை நிப்பன்பாரே இரகத்தில் 2005-இல் முழுமையாக வரிசைப்படுத்தப்பட்டு வெளியிடப்பட்டதால், எந்த மரபணுவின் முன்பகுதியையும் தரவுத்தளத்திலிருந்து எடுத்துவிடலாம். அதில் ஏ.பி.ஆர்.ஈ. தொடரின் மையமான ஏ-சி-ஜி-டி-ஜி என்னும் ஐந்தெழுத்தைத் தேடி, "மூன்று இடங்களில் உள்ளது, எனவே அப்சிசிக் அமிலம் ஆள்கிறது" என்று முடிவு கட்டுவது பரவலான வழக்கம். நான்கு எழுத்துகளால் ஆன தொடரில் ஒரு குறிப்பிட்ட ஐந்தெழுத்து தற்செயலாக 1,024 இடங்களுக்கு ஒருமுறை வரும். இரு இழைகளையும் சேர்த்துப் பார்த்தால் 512-க்கு ஒருமுறை. 1,500 எழுத்துள்ள புரோமோட்டரில் மூன்று இடங்கள் என்பது ஒன்றுமே இல்லாவிட்டாலும் கிடைக்கும் எண்ணிக்கைதான். மேலும் ஒரே ஒரு ஏ.பி.ஆர்.ஈ. பொதுவாகத் தனித்து இயங்காது. அருகில் இன்னொரு ஏ.பி.ஆர்.ஈ.யோ, துணைத் தொடர் ஒன்றோ வேண்டும் என்பது பார்லி மரபணுக்களில் காட்டப்பட்டுள்ளது. ஆகவே தொடரைக் கண்டுபிடிப்பது கருதுகோள் மட்டுமே. அத்தொடரைச் சிதைத்த புரோமோட்டரும் சிதைக்காத புரோமோட்டரும் வறட்சியில் எவ்வாறு இயங்குகின்றன என்று ஒப்பிட்டால்தான் சான்று கிடைக்கும்.

ஆளுகையை நிறுவுதல்

வெளிப்பாடு உயர்வது செடி வாடியதன் விளைவாகவும் இருக்கலாம். தாங்காத இரகம் அதிகமாக வாடுவதால் அதில் மரபணுக்கள் அதிகமாக உயர்வதும் உண்டு. மரபணுவே காரணம் என்று சொல்ல, அதை மாற்றிப் பார்க்க வேண்டும். இதற்கு இரு வழிகள் உள்ளன: இயற்கையில் உள்ள வேறுபாட்டைக் கலப்பினால் தொடர்வது, அல்லது மரபணுவை நேரே திருத்துவது.

முதல் வழிக்குச் சிறந்த எடுத்துக்காட்டு டி.ஆர்.ஓ.1. பிலிப்பைன்ஸின் மேட்டுநில இரகமான கினண்டாங் பாட்டோங்கை ஐ.ஆர். 64-உடன் கலந்து, வேர் செங்குத்தாக இறங்கும் பண்பை 9-ஆம் குரோமோசோமில் ஒரு மரபணுவுக்குக் கொண்டுசேர்த்தனர் ஜப்பானிய ஆய்வாளர்கள். முடிவு 2013-இல் வெளியானது. ஐ.ஆர். 64-இல் அம்மரபணுவின் ஓர் எழுத்து விடுபட்டதால் புரதம் இடையிலேயே முடிந்துவிடுகிறது, வேர்கள் மேலோட்டமாகப் பரவுகின்றன. முழு மரபணுவைப் பெற்ற வழித்தோன்றல்கள் ஆழ வேரூன்றி, வறண்ட வயலில் ஐ.ஆர். 64-ஐ விட அதிகம் விளைந்தன. இங்கே வேறுபாடு புரதத்தில் உள்ளது. வெளிப்பாட்டின் மடங்குக் கணக்கை மட்டும் வைத்துத் தேடியிருந்தால் இம்மரபணுவைத் தவறவிட்டிருப்போம். ஆழமற்ற தொட்டியில் வளர்த்திருந்தாலும் அதன் பயன் தெரிந்திருக்காது. வேர்ப் பண்பை ஆராய்பவர் ஒரு மீட்டர் நீளமுள்ள பி.வி.சி. குழாய்களையாவது பயன்படுத்த வேண்டும்.

கியூ.டி.எல். எனப்படும் மரபிடங்களைத் தேடுபவர், தாங்காத பெற்றோரையும் ஐயத்தோடு பார்க்க வேண்டும். வந்தனா, வே ராரெம் இரகங்களின் கலப்பிலிருந்து பெற்ற 436 வழித்தோன்றல்களில் 2007-இல் கண்டறியப்பட்ட 12.1 என்னும் மரபிடம் கடும் வறட்சியிலும் விளைச்சலைக் காத்தது. ஆனால் அந்த நல்ல வடிவம் வந்தது, வறட்சி தாங்காத வே ராரெமிலிருந்து. 1-ஆம் குரோமோசோமின் 1.1 மரபிடமோ குட்டைத் தன்மையைத் தரும் எஸ்.டி.1 மரபணுவுக்கு மிக அருகில் இருப்பதால், தாங்குதிறனோடு உயரமும் ஒட்டிக்கொண்டு வந்தது. அப்பிணைப்பை உடைத்த வழித்தோன்றல்களைத் தேடியெடுக்க வேண்டியிருந்தது. அருகருகே உள்ள மரபணுக்கள் பிரியாமல் வரும்வரை, எது காரணம் என்று கூற முடியாது.

இரண்டாம் வழியில், கிரிஸ்பர் என்னும் மரபணுத் திருத்த முறையால் மரபணுவைச் செயலிழக்கச் செய்த குறைந்தது இரண்டு தனித்தனிக் கால்வழிகளை, திருத்தப்படாத உடன்பிறந்த செடிகளோடு ஒப்பிடுக. செயலிழந்தால் தாங்குதிறன் கூடும் மரபணுக்களும் உண்டு. டி.எஸ்.டி. என்னும் துத்தநாக விரல் வகைப் படியெடுப்புக் காரணி இலைத்துளை மூடுவதைத் தடுக்கிறது. அது செயலிழந்தால் காப்பு செல்களில் ஹைட்ரஜன் பெராக்சைடு சேர்ந்து துளைகள் எளிதில் மூடுகின்றன. அதே மரபணுவை எம்.டி.யு. 1010 இரகத்தில் திருத்தி உருவாக்கிய புசா டி.எஸ்.டி. ரைஸ் 1, 2025 மே மாதம் இந்தியாவில் அறிவிக்கப்பட்டது. அயல் டி.என்.ஏ. இல்லாத இத்தகைய திருத்தங்களுக்கு 2022 மார்ச்சில் இந்திய அரசு மரபணு மாற்றுப் பயிர்களுக்கான ஒப்புதல் நடைமுறையிலிருந்து விதிவிலக்கு அளித்தது. பிற உயிரியின் மரபணுவைச் சேர்த்த செடியாயின், வயலுக்குக் கொண்டுபோகுமுன் முழு ஒப்புதல் நடைமுறையும் தேவை.

மரபணுவை வழக்கத்தைவிட அதிகமாக இயக்கும் மிகை வெளிப்பாட்டுச் சோதனை செய்பவர் புரோமோட்டரின் தெரிவில் நிதானிக்க வேண்டும். என்.ஏ.சி.10 மரபணுவைச் செடி முழுவதும் இயக்கியபோது வறண்ட வயலில் கிடைக்காத பயன், வேரில் மட்டும் இயக்கியபோது கிடைத்தது: வறட்சியில் 25 முதல் 42 விழுக்காடு வரையும், நீருள்ள நிலையில் 5 முதல் 14 விழுக்காடு வரையும் விளைச்சல் கூடியதாக 2010-இல் கொரிய ஆய்வாளர்கள் காட்டினர். மரபணு ஒன்றே, அது எங்கே பேசுகிறது என்பதுதான் மாறியது.

வயலில்

நாற்றுப் பருவத்தில் பிழைத்த செடிகளின் எண்ணிக்கை விளைச்சலுக்கு ஈடாகாது. வறட்சியால் நெல் மிகவும் பாதிக்கப்படும் பருவம், கதிர் உருவாகிப் பூக்கும் வரையிலான காலம். அப்போது நீர் குறைந்தால் மகரந்தம் கெட்டுக் கதிர் பதராகிறது. எனவே மழையில்லாத பருவத்திலோ மழைத்தடுப்புக் கூரையின் கீழோ, பூப்புக்கு முன்பு நீரை வடித்துவிட வேண்டும். வயலின் பல இடங்களில் ஒரு மீட்டருக்கு மேல் ஆழமான துளையிட்ட குழாய்களை நட்டு, நிலத்தடி நீர்மட்டம் ஒரு மீட்டருக்குக் கீழே இறங்கியதா என்று அன்றாடம் பார்க்க. நீர் நிறுத்தியும் பக்கத்து வாய்க்காலிலிருந்து கசிவு வந்துகொண்டிருந்தால் அது வறட்சிச் சோதனையே ஆகாது.

ஒவ்வொரு கால்வழியையும் நீருள்ள வயல், நீரற்ற வயல் இரண்டிலும் நடுக. பூக்கும் நாளை இரண்டிலும் குறித்து, வறட்சியால் பூப்பு எத்தனை நாள் தள்ளிப்போனது என்பதைக் கணக்கிடுக. தாங்காதவற்றில் இத்தாமதம் மிகுதியாக இருக்கும். அறுவடையில் ஓர வரிசைகளை விலக்கி, நெல்மணியின் ஈரப்பதத்தை 14 விழுக்காட்டுக்குச் சரிசெய்து எடையை எழுதுக. நீருள்ள வயலோடு ஒப்பிட நீரற்ற வயலின் சராசரி விளைச்சல் எத்தனை விழுக்காடு குறைந்தது என்பதை முதலில் தெரிவித்தபின்பே கால்வழிகளின் வேறுபாட்டைத் தெரிவிக்க வேண்டும். பத்து விழுக்காடே குறைந்த பருவத்தின் தரவிலிருந்து வறட்சித் தாங்குதிறனைப் பற்றி எதுவும் கூற இயலாது, அப்பருவத்தை ஒதுக்கிவிட்டு அடுத்த பருவத்தில் சோதனையை மீண்டும் நடத்துக. நீரற்ற வயலில் மேம்பட்டு, நீருள்ள வயலில் பின்தங்கும் கால்வழிக்கு, அம்மரபணுவின் புரோமோட்டரை வறட்சியில் மட்டும் இயங்குவதாகவோ வேரில் மட்டும் இயங்குவதாகவோ மாற்றி, தொட்டிச் சோதனையிலிருந்து மறுபடி தொடங்க வேண்டியிருக்கும்.